அன்சிவ், ஃப்ரீசிவ், சிவ் 6: தூது விட எது தோது?

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பையன்கள் ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ என்று போனில் சுட்டுப் பழகியவர்கள். அவர்களில் யாராவது முறை வைத்து (டர்ன்) மாறி மாறி ஆடி நாட்டை வளர்க்கும் டர்ன் பேஸ்டு ஸ்ட்ராடஜி பக்கம் எட்டிப் பார்த்தால், எடுத்த எடுப்பில் கேட்பது "அண்ணா, சீக்கிரமா ஆர்மி கட்டுறது எப்படி?" என்பதுதான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கத்து நாட்டுக்காரர்களும் சேர்ந்து வந்து அடிப்பார்கள். கேமே பிடிக்காமல் போய்விடும். ஆர்மி பத்தாததால் விழுந்த அடி இல்லை அது. அந்த ஆட்களை முதலில் சந்தித்தபோதே பேசி வைத்துக்கொள்ளாததால் விழுந்தது. அதனால் கிராஃபிக்ஸ், சண்டை எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிடுகிறேன். புதிதாக உட்காருகிற ஆளுக்கு டிப்ளமசி, அதாவது மற்ற நாடுகளோடு பேசிச் சமாளிப்பது, எந்த கேமில் நன்றாகப் படியும் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

அன்சிவ், ஃப்ரீசிவ், சிவ் 6 மூன்றும் 1991-ல் சிட் மெய்யர் கொண்டுவந்த சிவிலைசேஷன் (சுருக்கமாக சிவ்) கேமின் வழியில் வந்தவை. அன்சிவ், 2010-ல் வந்த சிவ் 5-ன் விதிகளை வைத்துச் செய்த இலவச ஓப்பன் சோர்ஸ் கேம். ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். ஃப்ரீசிவ் 1990-களின் நடுவில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் ஆரம்பித்தது. அதுவும் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். சிவ் 6 காசு கொடுத்து வாங்க வேண்டியது, 2016-ல் வந்தது.

முதலில் அன்சிவ். ஆரம்பிக்க இதைவிடச் சுலபமானது கிடையாது. நெட் வேண்டாம், நல்ல போன் வேண்டாம். ஒவ்வொரு ஊருக்கும் 3, ஒவ்வொரு ஆளுக்கும் 1 என்று மக்களின் அதிருப்தி ஏறிக்கொண்டே போகும் என்பதால், கண்ட இடத்தில் ஊர் கட்டும் பழக்கம் தானாக அடங்கும். குறைந்த ஊர்களுக்கு ஏற்ற ட்ரெடிஷன் பாலிசியை எடுத்து நாலு ஊரோடு நிறுத்திக்கொண்டால் புதியவருக்குப் போதும். டிப்ளமசியில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு நாடு நம்மேல் ஏன் கடுப்பாக இருக்கிறது என்பதைக் காரணமும் எண்ணுமாகப் போட்டுக் காட்டிவிடும்.

ஆனால் இதன் டிப்ளமசி, சுருக்கமாகச் சொன்னால், காசு. சிட்டி ஸ்டேட்டுக்கு (ஒற்றை ஊரே நாடாக இருப்பது) கோல்டு கொடுத்தால் செல்வாக்கு ஏறும். 30 தொட்டால் நண்பன், 60 தொட்டால் கூட்டாளி. சும்மா விட்டால் டர்னுக்கு டர்ன் கரையும், மறுபடி கொடுக்க வேண்டும். நம்மைவிட அதிகம் கொடுக்கிறவன் வந்தால் அவன் பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் ஐ.நா. ஓட்டெடுப்பில் அந்தக் கூட்டாளிகளின் ஓட்டில்தான் டிப்ளமசி வெற்றியே. 2017-ல் பணப் பட்டுவாடாவால் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கேமை விட்டு எழுந்த பிறகு மனதில் நிற்கும் ஒரு எதிரி முகம் இதில் இல்லை. எல்லா ராஜாக்களும் ஏறக்குறைய ஒரே ஆள்தான்.

ஃப்ரீசிவ் நேர் எதிர். இங்கே டிப்ளமசி என்றால் ஒப்பந்தப் பத்திரம். வழக்கமான விதிகளில் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போதே போர் நிலைதான். அதிலிருந்து சீஸ்ஃபயர் (தற்காலிகப் போர் நிறுத்தம்), பிறகு ஆர்மிஸ்டிஸ் (சமாதானத்துக்கு முந்தைய இடைக்காலம்), பிறகு சமாதானம், வேண்டுமானால் கூட்டணி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒப்பந்தத்தில் மேப், தொழில்நுட்பம், கோல்டு, ஏன், ஊரையே கூட எழுதிக் கொடுக்கலாம்.

புதியவர் மாட்டுவது சீஸ்ஃபயரில். அது 16 டர்னுக்குத்தான். அதற்குள் சமாதானத்துக்குக் கையெழுத்து வாங்காவிட்டால், யாரும் அறிவிக்காமலேயே மறுபடி போர். கேரம் ஆடுகிறவர்களுக்கு ஒரே வரியில் புரியும்: ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோ போடாவிட்டால் ரெட் திரும்பப் போர்டுக்கே வந்துவிடும். கம்ப்யூட்டர் ஆட்டக்காரன் இதில் இன்னும் மோசம். சீஸ்ஃபயர் போட்ட கையோடு சமாதானம் கேட்டால், "இதை முதலில் கொஞ்ச நாள் காப்பாற்றிக் காட்டு" என்கிற மாதிரி பதில் வரும். எம்பசி (தூதரகம்) மாற்றிக்கொள்ளாவிட்டால் பெரிய ஒப்பந்தப் பேச்சே எடுக்காது. ஆக, எம்பசியை முதலிலேயே முடித்துவிட்டு, கடைசி சில டர்ன்களில் தினமும் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி அறை. இரண்டு பழைய லேப்டாப், நடுவில் ஒரு கேபிள். ஒன்று அரசு கொடுத்தது, மூடியில் முதல்வர் படம் பாதி உரிந்து நிற்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே "மச்சான், சீஸ்ஃபயர் இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்" என்கிறான். சொல்லிக்கொண்டே கல்லெறியும் கேடபல்ட்டை நம் எல்லை ஓரமாக நகர்த்துகிறான். பதினாறாவது டர்ன் முடிந்ததும் ஊர் போச்சு. ஃப்ரீசிவின் முழு ருசியும் இதில்தான் இருக்கிறது. மனிதரோடு மனிதர் ஆட இதுக்கு ஈடில்லை. தனியாக ஆடினால் வறட்சி. பட்டன்களும் மெனுக்களும் புதியவரைப் பயமுறுத்தும், ஆரம்பிப்பது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆளில்லாமல் முதல் நாளே மூடிவைத்தவர்கள் உண்டு.

சிவ் 6-ல் டிப்ளமசி காசும் இல்லை, பத்திரமும் இல்லை, குணம். ஒவ்வொரு தலைவருக்கும் ஊரறிந்த ஒரு கொள்கை, ஒளித்து வைத்த ஒரு கொள்கை. க்ளியோபாட்ராவுக்குப் படை பெரிதாக இருந்தால் பிடிக்கும், ஒற்றை வாரியரை வைத்துக்கொண்டு போய் நின்றால் முகம் சுளிப்பாள். சந்திரகுப்தருக்குத் தள்ளி இருப்பவன் நல்லவன், பக்கத்தில் இருப்பவன் ஆகாதவன். அவர் பக்கத்தில் ஆட்டம் ஆரம்பித்தால் சுவர் எழுப்பத் தயாராகிவிடுங்கள். கில்கமேஷ் தங்கமான மனுஷன், கூட்டணி என்று வந்தால் விடமாட்டார். காந்திக்குப் போர் வெறியர்களைக் கண்டால் ஆகாது. (பழைய கேமில் ஒரு கோளாறால்தான் காந்தி அணுகுண்டு போட்டார் என்ற கதையை சிட் மெய்யரே மறுத்துவிட்டார். பிற்கால கேம்களில் அவரை வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பது வேறு விஷயம்.)

சுற்றிப் பார்க்க அனுப்பிய ஸ்கவுட் போய் க்ளியோபாட்ராவைப் பார்த்துவிட்டது என்று வையுங்கள். அந்த டர்னிலேயே 25 கோல்டு கொடுத்து டெலிகேஷன், அதாவது தூதுக்குழு, அனுப்ப வேண்டும். அப்போது பெரும்பாலும் வாங்கிக்கொள்வாள். நாலு டர்ன் கழித்து, நம் படையை எடைபோட்ட பிறகு போனால் முகத்திலடித்த மாதிரி மறுப்பு வரும். 25 கோல்டை மிச்சம் பிடித்து கவண் வீசும் ஸ்லிங்கர் வாங்கலாம் என்று நினைப்பதுதான் துப்பாக்கி கேமிலிருந்து வந்தவர்களின் கைப்பழக்கம். முகம் கொஞ்சம் மலர்ந்ததும் நட்புப் பிரகடனம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் 30 டர்னுக்கு இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் போர் தொடுக்க முடியாது. அந்த 30 டர்னில் படைக்குப் போக வேண்டிய உற்பத்தியெல்லாம் புது ஊர் கட்டும் செட்லராக மாறும், ஆற்றோரமாக இரண்டு மூன்று ஊர் எழும்பும். படை கட்டியும் பாதுகாப்பு வாங்கலாம், ஆனால் இந்த விலைக்குக் கிடைக்காது.

சிட்டி ஸ்டேட் விஷயத்திலும் அன்சிவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். முதல் ஆளாகச் சந்தித்தால் ஒரு என்வாய் (தூதர்) சும்மாவே கிடைக்கும். எண்ணிக்கை 1, 3, 6 என்று ஏற ஏறப் பலன். அனுப்பிய என்வாய் கரையாது, கோல்டை நேராக நீட்டி வாங்கவும் முடியாது. அதனால்தான் முதல் உற்பத்தியாக ஸ்கவுட் போடச் சொல்வது. ஸ்கவுட்டை வேவுக்காரன் என்று நினைக்கிறார்கள், உண்மையில் அவன்தான் தூதன்.

குறை இல்லாமல் இல்லை. நாம் கடலே தெரியாத மூலையில் இருப்போம். நார்வேயின் ஹரால்டு எங்கிருந்தோ வந்து "உனக்குக் கப்பல் படை இல்லையா" என்று கேலி பேசுவார். சில தலைவர்களின் கோபம் எரிச்சலைத்தான் கிளப்பும். ஆட்டம் முற்ற முற்ற நெக்ஸ்ட் டர்ன் அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம், 4 ஜிபி ராம் லேப்டாப்பில் அவ்வளவு நேரம் ஆகும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

இதற்குள் யாராவது "அண்ணா, சிவ் 7-ல சோழர் இருக்காங்களே?" என்பார்கள். இருக்கிறார்கள், 2025-ல் வந்த அந்த கேமின் இரண்டாம் யுகத்தில். இன்ஃப்ளூயன்ஸ் என்ற ஒரே புள்ளியைச் செலவழித்துத்தான் அதில் எல்லாப் பேச்சும். டிப்ளமசி பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் யுகம் மாறும்போது நாடே மாறும் என்று அது வந்தபோது வைத்த விதி புதியவருக்குத் தலைசுற்றல், விலையும் அதிகம். சோழர் காத்திருக்கட்டும்.

போன் மட்டும்தான் என்றால் அன்சிவ். எதிரே உட்கார நண்பன் இருந்தால் ஃப்ரீசிவ். ஓரளவு லேப்டாப் இருந்து தனியாக ஆடப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் சிவ் 6 என்பேன், ஒரு நிபந்தனையோடு: வெறும் கேமை மட்டும் வாங்கிவிடாதீர்கள். யார் யாருக்கு என்ன தீங்கு செய்தார் என்று கணக்கு வைக்கும் கிரீவன்ஸ், நாடுகள் கூடி ஓட்டுப் போடும் உலகக் காங்கிரஸ், 20 புள்ளி டிப்ளமசி வெற்றி எல்லாம் 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பில்தான் இருக்கின்றன. 2018-ல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் என்ற இன்னொரு கூடுதல் தொகுப்பின் கூட்டணி வகைகளும் அதிலேயே அடங்கிவிடும். சந்திரகுப்தர் மட்டும் ரைஸ் அண்ட் ஃபாலோடுதான் வருவார். ஸ்டீமில் சிவ் 6 அடிக்கடி பெரிய தள்ளுபடிக்கு வரும், எல்லாம் சேர்ந்த தொகுப்பாகவே வாங்கிக்கொள்ளலாம். அதுவரை போனில் அன்சிவ் ஓடட்டும்.