முகப்பு மாறியது, அழைப்புத் திரை மாறவில்லை: பெரியவர்களின் போனுக்கு எந்த ஏற்பாடு சரி?

அம்மாவுக்கு வயது 71. பட்டன் போனை விட்டு டச் போனுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பேரக் குழந்தைகளை முகம் பார்த்துப் பேச வேண்டும், அதற்காகவே மாறினார். முதல் நாளே அதில் ஒரு மாற்று லாஞ்சரை, அதாவது முகப்புத் திரையை மாற்றிக் காட்டும் செயலியை, போட்டுக் கொடுத்தேன். திரை முழுக்க ஆறே பட்டன்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. தம்பியின் படத்தைத் தொட்டால் தம்பிக்கு அழைப்பு போகும். அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள், சோதித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து அறையிலிருந்து நானே கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் பச்சை வட்டத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார். "அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன், எடுக்க மாட்டேங்குதேப்பா" என்றார். அந்தத் திரையில் பச்சையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, மேல்நோக்கித் தள்ள வேண்டும். முகப்பில் எல்லாவற்றையும் தொட்டுத் திறக்கப் பழகியவருக்கு, மணி அடிக்கும்போது மட்டும் வேறு ஒரு விதி.

லாஞ்சரை மாற்றினால் அழைப்புத் திரையும் மாறும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மாறாது. ஆண்ட்ராய்டில் முகப்பைக் காட்டுவது ஒரு செயலி, மணி அடித்ததும் திரையைப் பிடிப்பது இன்னொரு செயலி. அமைப்புகளில் இயல்புநிலைச் செயலிகள் பகுதிக்குப் போனால் முகப்புக்கு ஒரு வரி, போனுக்கு ஒரு வரி எனத் தனித்தனியாக இருக்கும். நோவா, நயாகரா, பிக் லாஞ்சர் என்று எதைப் போட்டாலும் அது முதல் வரியை மட்டுமே மாற்றும். பச்சை, சிவப்பு வட்டங்கள் இரண்டாவது வரிக்குச் சொந்தம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே போனில், ஒரே செயலியில், அழைப்பு இரண்டு விதமாக வரும். பூட்டிய நிலையில் இருந்தால் முழுத்திரை, தள்ள வேண்டிய வட்டம். போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் திரையின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் பட்டை, அதில் தொட வேண்டிய இரண்டு பட்டன்கள். முன்னது தள்ளல், பின்னது தொடல். நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. புதிதாகக் கற்பவருக்கோ நேற்றுக் கற்ற பாடம் இன்று பொய்யாகிவிடுகிறது. ஆகவே, மணி அடிக்கும் அந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதை அளவுகோலாக வைத்தே எல்லா ஏற்பாடுகளையும் ஒப்பிட்டேன். ஐகான் எவ்வளவு பெரியது, வால்பேப்பர் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

லாஞ்சர் மட்டும்

பிக் லாஞ்சர் பெரியவர்களுக்கென்றே செய்தது. பெரிய பட்டன்கள், பெரிய எழுத்து, ஆபத்துக்கு ஓர் எஸ்ஓஎஸ் பட்டன். அழைப்பை நாம் தொடங்குவதற்கு இது மிக நல்ல ஏற்பாடு, யார் படம் வேண்டுமோ அதைத் தொட்டால் போதும். வருகிற அழைப்புக்கு இதனால் உதவி எதுவும் இல்லை, போனோடு வந்த செயலியின் திரைதான் வரும். நோவாவும் நயாகராவும் நமக்கு அழகாக இருக்கும். பெரியவர்களுக்காகச் செய்தவை அல்ல என்பதால் அவற்றை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன்.

லாஞ்சர் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்தவோ பார்வைக்குச் சுத்தமாக இருக்கவோ, மேலே நேரமும் பேட்டரியும் தெரிகிற பட்டையை மறைத்துவிடும் வசதி பல லாஞ்சர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் ஹோம் பட்டனைத் தொட்டுவிட்டால் அழைப்பு கட் ஆகாது, பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல், பேச்சு நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் சின்ன வில்லை ஒன்று அந்தப் பட்டையில் தெரியும், தொட்டால் அழைப்புத் திரைக்குத் திரும்பலாம். பட்டையையே மறைத்தால் திரும்பும் வழியும் மறைந்துவிடும். எங்கள் வீட்டில் இது நடந்தது. முகப்பு தெரிந்ததும் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எதிர்முனையில் சித்தி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

போன் செயலியின் அமைப்பை மாற்றுவது

லாஞ்சரைத் தேடுவதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டியது இதுதான். இந்தியாவில் விற்கும் பல ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் போன் செயலிதான் அழைப்பைக் கவனிக்கிறது. பல ஆண்டுகளாக அதில் ஒரே முறைதான் இருந்தது: மேலே தள்ளினால் எடுக்கும், கீழே தள்ளினால் மறுக்கும். 2025-ல் அதன் தோற்றத்தைப் புதுப்பித்தபோது, வரும் அழைப்பை எப்படி எடுப்பது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். ஒன்று, பக்கவாட்டில் தள்ளுவது: வலப்பக்கம் எடுக்க, இடப்பக்கம் மறுக்க. மற்றொன்று, ஒரே தொடல்: எடுக்க ஒரு பட்டன், மறுக்க ஒரு பட்டன். பெரியவர்களுக்கு இந்த இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். செயலியைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போனால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் செயலியைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

செலவில்லை, புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, பூட்டிய திரையிலும் மேல்பட்டையிலும் ஒரே பழக்கம். ஒரு குறை, சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டுத் தவறுதலாக மறுத்துவிட வாய்ப்புண்டு. தள்ளும் முறையை வைத்ததன் நோக்கமே அதைத் தடுப்பதுதான். எங்கள் அம்மா போனை மேசையில் வைத்திருப்பவர், அதனால் எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு இதையும் யோசிக்க வேண்டும்.

போன் செயலியையே மாற்றுவது

ஆண்ட்ராய்டு 6 முதல், அதாவது 2015 முதல், போன் செயலியையே நாம் மாற்றிக்கொள்ளலாம். நான் பார்த்தவற்றில் மனதுக்குப் பிடித்தது ஃபாசிஃபை போன். சிம்பிள் டயலர் என்று பலருக்கும் பழக்கமான செயலியின் வழிவந்தது இது. அந்தச் செயலித் தொகுப்பு 2023-ல் கைமாறிய பிறகு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அதன் திறந்த மூலநிரலைக் கொண்டு வேறு சிலர் இதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறார்கள். விளம்பரம் கிடையாது. அமைப்புகளில் இரண்டு விஷயங்கள் நமக்குத் தேவை. ஒன்று, அழைப்பை எடுக்கத் தள்ளும் முறையை நிறுத்துவது, நிறுத்தினால் பச்சை, சிவப்பு என்று தனித்தனிப் பட்டன்கள் வந்துவிடும். இன்னொன்று, அழைப்பை எப்போதும் முழுத்திரையில் காட்டச் சொல்வது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போன் பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஒரே திரை, ஒரே இடத்தில் பச்சை. மேல்பட்டையைக் கவனிக்காமல் விட்டுவிடும் சிக்கல் தீர்ந்தது.

இழப்பும் உண்டு. கூகுள் போன் தெரியாத எண்ணைப் பார்த்து மோசடி அழைப்பாக இருக்கலாம் என்று எச்சரிக்கும், அந்த எச்சரிக்கை இங்கே வராது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஏமாற்றும் அழைப்புகள் குவிகிற இந்தக் காலத்தில், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது சின்ன இழப்பு அல்ல. தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்களைத் தடுத்துவைக்கலாம், ஆனால் மருத்துவமனையிலிருந்தோ கூரியர்காரரோ கூப்பிட்டால் அதுவும் நின்றுபோகும். இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள்: எந்தச் செயலியை வைத்தாலும், 112 போன்ற அவசர எண்ணை அழைக்கும்போது போனோடு வந்த செயலிதான் வரும். ஆண்ட்ராய்டின் விதியே அதுதான். அந்த நேரத்தில் பழக்கமில்லாத திரையைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

சாம்சங், ஐபோன்

சாம்சங் வைத்திருப்பவர்களுக்குத் தனி லாஞ்சரே தேவையில்லை என்பது என் எண்ணம். ஈஸி மோட் என்று அமைப்புகளிலேயே இருக்கிறது. ஐகான்கள் பெரிதாகும், அழுத்திப் பிடிக்கும் நேரமும் கூடும், கை நடுங்குபவர்களுக்கு அது நல்லது. ஆனால் இதுவும் முகப்புக்குத்தான். அழைப்புக்கு உதவுவது போன் செயலியின் அமைப்புகளில், அழைப்பை ஏற்பதும் முடிப்பதும் பற்றிய பகுதி. அங்கே, ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்கும்படி வைக்கலாம். அழைப்பவர் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் வைக்கலாம். பட்டன் போனிலிருந்து வந்தவர்களுக்கு, திரையைப் பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தும் பட்டன் ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். மற்றப் பெரும்பாலான போன்களில் அதே பட்டன் மணிச்சத்தத்தை அடக்கிவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் போனைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பவர் பட்டனை அழுத்தினால் அழைப்பு முடியும் வசதி சாம்சங்கிலும் உண்டு, மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அணுகல்தன்மைப் பகுதியிலும் உண்டு. காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுவதால் கட் பண்ணத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு உதவும். போனை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு வேண்டாம், பாதிப் பேச்சில் அறுந்துபோகும். திரை அணைந்தே கிடந்தால் முதலில் மேலே ஒட்டிய கண்ணாடியைப் பாருங்கள், காது அருகில் வந்ததை அறியும் சென்சாரை அது மறைத்திருக்கலாம்.

ஐபோனில் லாஞ்சரை மாற்றவே முடியாது. 2023-ல் ஐஓஎஸ் 17-உடன் வந்த அசிஸ்டிவ் ஆக்சஸ் அதற்கு ஈடு. அது முகப்போடு நிற்காமல் போனையும் ஃபேஸ்டைமையும் சேர்த்து அழைப்புகளுக்கென்று ஒரே செயலியாகக் காட்டுகிறது. முகப்பும் அழைப்பும் ஒரே கையால் வடிவமைத்தது போல இருப்பது இங்கே மட்டும்தான். விலையை நினைத்தால் இதற்காகவே ஐபோன் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் யாராவது பழைய ஐபோனை ஒதுக்கி வைத்திருந்தால், அது ஐஓஎஸ் 17 ஏற்கும் போனாக இருந்தால், கட்டாயம் முயன்று பாருங்கள்.

வாட்ஸ்ஆப் எதற்கும் கட்டுப்படாது

மேலே சொன்ன எதுவும் வாட்ஸ்ஆப் அழைப்பை மாற்றாது. அது தன் சொந்தத் திரையோடுதான் வரும். கூகுள் போனில் ஒரே தொடலை வைத்தாலும், பூட்டிய திரையில் வாட்ஸ்ஆப் அழைப்பு வந்தால் பச்சையை மேலே இழுக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூர் போன்ற வெளிநாடுகளில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பில்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம்: தம்பி முதலில் சாதாரண அழைப்பில் ஒரு ரிங் கொடுப்பான். பிறகு அம்மாவே முகப்பில் அவன் படத்தைத் தொட்டு வாட்ஸ்ஆப்பில் கூப்பிடுவார். வரும் அழைப்பை எடுப்பதைவிடப் போகும் அழைப்பைத் தொடங்குவது அவருக்கு எளிது.

இப்போது அம்மா போனில் இருப்பது: அதே ஆறு பட்டன் முகப்பு, மேலே நேரம் காட்டும் பட்டையை மறைக்காமல், கூகுள் போனில் ஒரே தொடல். மோசடி எச்சரிக்கைக்காகவே ஃபாசிஃபையை விட்டுவிட்டேன். எதைத் தேர்ந்தாலும், ஊருக்குக் கிளம்பும் முன் அவர் போனுக்கு மூன்று முறை கூப்பிட்டுப் பாருங்கள்: பூட்டியிருக்கும்போது ஒன்று, முகப்பு திறந்திருக்கும்போது ஒன்று, வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று. போன வாரம் மூன்றையும் அம்மா எடுத்தார். மூன்றாவது முறை, "இன்னும் எத்தனை தடவைப்பா கூப்பிடுவே, பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அவரே சிவப்பைத் தொட்டு வைத்தார்.