சீல் பிரிந்த தோட்டாப் பெட்டி, 44,000 ரூபாய்: மேக்னம் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வலது கன்னத்தில் எரிச்சல் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்று வியாழன். நாலு நாளாகக் கடைக்குப் போன் போட்டுப் போட்டு வெறுத்துப்போய் இதை எழுதுகிறேன். 44,000 ரூபாய் எண்ணி வைத்து வாங்கிய 20 தோட்டாக்களில் மூன்றாவது, என் முகத்துக்கு அரை முழம் தள்ளி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே பிய்த்துக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்தேன். இல்லையென்றால் இன்று இதை வேறு யாரையாவது வைத்துத்தான் எழுதியிருப்பேன்.

எங்களுக்குக் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டம். மூன்று தலைமுறையாக அங்கேதான் இருக்கிறோம். தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய .375 மேக்னம் ரைஃபிள் அப்பாவுக்கு வந்து, அவருக்குப் பிறகு என் பேருக்கு லைசன்ஸ் மாறியது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் எண்ணெய் போட்டுத் திரும்ப எடுத்து வருவது என்று ஒரு தவறும் இல்லாமல் வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லை எங்கள் பக்கம் எப்படி என்று மலையோரம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் கப்பைக் கிழங்கும் வாழையும் போய்விடும். 2022ல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரம் தந்த பிறகு, எங்கள் பஞ்சாயத்துப் பட்டியலில் என் பேரும் இருக்கிறது. பன்றிக்கு இவ்வளவு பெரிய துப்பாக்கியா என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

அப்பா காலத்துத் தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. இந்த அளவு எல்லாக் கடையிலும் கிடைக்காது. விசாரித்து, கேரளாவில் ஒரு பெரிய டவுனில் இருக்கும் பழைய ஆயுதக் கடைக்குப் போனேன். லைசன்ஸ் உள்ள கடை, பெயர் போன கடை.

முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். நல்ல தமிழ். லைசன்ஸைப் பார்த்ததும், “அட, நீங்க அவர் மகனா? உங்கப்பா இங்கதானே வருவார், இதே ஸ்டூல்லதான் உட்காருவார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, அவர் உட்கார்ந்த ஸ்டூலை ஒருவர் காட்டும்போது அடுத்த கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? டீ வந்தது. பெட்டி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிப் பெட்டி, ஆனால் மேல் சீல் பிரிந்திருந்தது. கேட்டேன். “கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பார்ப்பாங்க தம்பி, எல்லாப் பெட்டியும் அப்படித்தான் வரும்” என்றார். ஒரு தோட்டா 2,200, இருபதுக்கு 44,000. விலை கேட்டுத் தயங்கினேன். “உங்கப்பா பேரைச் சொல்லிட்டு உங்ககிட்ட நான் தப்பான சரக்கு கொடுப்பேனா?” என்றார். கொடுத்தார்.

பில்லில் ‘.375 தோட்டா 20’ என்று மட்டும் கையால் எழுதினார்கள். கம்பெனி பெயர் இல்லை, எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் இல்லை. லைசன்ஸில் பதிவு போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரைஃபிள் கிளப் சுடுதளத்தில் குறி சரிபார்க்கப் போனேன். முதல் தோட்டா சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் சத்தமே வேறு மாதிரி இருந்தது. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் பக்கத்திலிருந்து சூடான புகை முகத்தில் அடித்தது. கண்ணாடியில் கரும்புள்ளிகள். போல்ட்டை இழுத்தால் கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், அடிப்பாகம், பெல்ட் என்ற தடித்த வளையத்தோடு ஒரு விரல் அகலம், மட்டும் கையில் வந்தது. மீதிக் கேஸ் முழுக்க சேம்பருக்குள் மாட்டிக்கொண்டது. கை நடுங்கியதை மறைக்கவில்லை.

பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மலையாளி ஆசானிடம் ரைஃபிளைக் கொண்டுபோனேன். மாட்டிய கேஸை எடுத்துக் கொடுக்க 3,500 ரூபாய். அதை நான் குறை சொல்லவில்லை, அரை நாள் வேலை. எடுத்ததும் முதலில் கேஜ் என்ற அளவுக் கட்டையைப் போட்டு ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உட்கார்ந்த பிறகு போல்ட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுகிறது என்று பார்த்தார். ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், மூடியது; ‘நோ-கோ’வில் மூடக் கூடாது, மூடவில்லை. ரைஃபிள் நன்றாக இருக்கிறது. பிறகு நான் சுட்ட மற்ற இரண்டு காலிக் கேஸ்களில் ஒன்றை நீளவாக்கில் ரம்பம் போட்டு அறுத்துக் காட்டினார். உள்ளே, பெல்ட்டுக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு பள்ளம். பித்தளை அங்கே பாதியாக மெலிந்திருந்தது. “மோனே, இது புதியதல்ல” என்றார்.

ஏன் அப்படி ஆகிறது என்று அவர் சொன்னதைச் சொல்கிறேன், ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலருக்கே இது தெரியாது. .375 தோட்டாவை லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912ல் கொண்டுவந்தது. கார்டைட் என்ற நூல் நூலான வெடிமருந்துக்காக நீளமாக, சரிவாகச் செய்த கேஸ், கேஸ் குறுகும் இடமான தோள் மிகச் சாய்வு. அந்தத் தோளை நம்பித் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்த முடியாது என்பதால்தான் அடியில் பெல்ட். அதாவது தோட்டா எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதைப் பெல்ட் பார்த்துக்கொள்கிறது. பெல்ட் பார்த்துக்கொள்வதால், சேம்பரில் தோள் இருக்கும் இடத்தைச் செய்பவர்கள் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிடுவார்கள்.

இனி சுடும்போது நடப்பது. இந்தத் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். கார் டயரில் நாம் அடிப்பது முப்பது சொச்சம். அந்த அழுத்தத்தில் கேஸின் மெல்லிய முன்பக்கம் சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தோள் முன்னால் போய்க் காலி இடத்தை நிரப்பும். தடித்த அடிப்பாகம் பின்னால் போல்ட்டை நோக்கித் தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவில், பெல்ட்டுக்குச் சற்று மேலே, பித்தளை இழுபடும். ஒரு தடவை இழுபட்டால் ஒன்றும் ஆகாது. அதே கேஸில் மறுபடி மருந்து நிரப்புவதற்காக (அதுதான் ரீலோடிங்) அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சான டையில் அடிவரை அழுத்தினால் தோள் பழைய இடத்துக்கே பின்னால் வந்துவிடும். அடுத்த முறை சுடும்போது மறுபடி அதே தூரம் இழுபடும். மூன்று நாலு தடவை இப்படிச் செய்தால் அந்த இடம் காகிதம் மாதிரி ஆகி, ஒருநாள் அறுந்துபோகும். என் கையில் அறுந்தது அப்படித்தான். பெல்ட் அளவு எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தது. அதனால் ‘கேஜ் போட்டுப் பார்த்தாச்சு’ என்பதோடு விஷயம் முடியவில்லை.

கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொந்தமாக ரீலோடிங் செய்கிறவன். அவனை வீடியோவில் கூப்பிட்டு மீதித் தோட்டாக்களைக் காட்டினேன். “அண்ணே, ஒவ்வொண்ணா திருப்பி அடியில என்ன எழுத்து இருக்குன்னு படி” என்றான். படித்தேன். ஒரே பெட்டியில் இரண்டு கம்பெனி! பெட்டியில் இருக்கும் பெயர் ஒன்று, ஒன்பது தோட்டாவின் அடியில் இருக்கும் பெயர் வேறு. கேஸ் மேல் டை உரசிய நீளக் கோடுகள் வேறு. அவன் தன் ரைஃபிளில் சுட்ட கேஸை வேறு ரைஃபிளுக்குப் போட மாட்டானாம், தோளை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் பின்னால் தள்ள மாட்டானாம், எத்தனை தடவை சுட்டது என்று எழுதி வைப்பானாம். அவ்வளவு ஒழுங்காகச் செய்கிற வேலை அது. யாருடைய ரைஃபிளிலோ எத்தனை தடவையோ சுட்ட கேஸைப் பொறுக்கி, மருந்து போட்டு, கம்பெனிப் பெட்டியில் அடுக்கி, புதுசு என்று 44,000 ரூபாய்க்கு என்னிடம் விற்றிருக்கிறார்கள். யார் நிரப்பியது என்று எனக்குத் தெரியாது. விற்றது யார் என்று தெரியும்.

கடைக்குப் போன் செய்தேன். திங்கள் காலை முதலாளியே எடுத்தார். “உங்க துப்பாக்கி பழசு தம்பி, ஹெட்ஸ்பேஸ் போயிருக்கும்.” கேஜ் போட்டுப் பார்த்தாச்சு என்றேன். “அப்ப எண்ணெய் அதிகமா போட்டிருப்பீங்க.” சேம்பரைத் துடைத்துவிட்டுத்தான் சுட்டேன் என்றேன். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார், கூப்பிடவில்லை. சாயங்காலம் பையன் எடுத்தான், “முதலாளி வெளியூர்.” செவ்வாய்க்கிழமை, “சுட்ட தோட்டாவை ரிட்டர்ன் எடுக்க முடியாது.” சுடாதது பதினேழு இருக்கு, அதையாவது எடு என்றேன். “பெட்டி பிரிச்சாச்சே சார்.” பெட்டியைப் பிரித்தே கொடுத்தவன் சொல்கிறான் இதை! படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று முதலாளி மறுபடி எடுத்தார். குரலே மாறிவிட்டது. “கோர்ட்டு, கேஸ்னு போனா முதல்ல உங்க லைசன்ஸைத்தான் பார்ப்பாங்க, யோசிச்சுக்கோங்க” என்றார். அப்பாவின் ஸ்டூலைக் காட்டிய அதே மனுஷன்.

யோசித்துவிட்டேன். திங்கட்கிழமை லைசன்ஸ் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

இன்னும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சீல் பிரிந்த பெட்டியை யார் என்ன காரணம் சொன்னாலும் வாங்காதீர்கள். கடையிலேயே ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் பாருங்கள், எழுத்து மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் கம்பெனியும் லாட் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். முதல் தோட்டா சுட்டதும் காலிக் கேஸுக்குள் நுனி வளைத்த மெல்லிய கம்பியை விட்டு, அடியிலிருந்து மேலே உரசிப் பாருங்கள். பெல்ட்டுக்கு மேலே பள்ளத்தில் நுனி தட்டினால் அந்தப் பெட்டியில் இன்னொன்று சுடாதீர்கள். வெளியே தெரியும் பளபளப்பான வளையத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், டை நின்ற இடத்திலும் அப்படி ஒன்று விழும். கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள்.

மீதிப் பதினேழு தோட்டா அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கடைக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான். சுடவும் முடியாது, லைசன்ஸில் என் கணக்கில் எழுதியிருப்பதால் தூக்கி எறியவும் முடியாது.