ஃபைல் ஹிஸ்டரி: நல்ல பேக்கப், ஆனால் ஐந்தரை மணி நேரம் பின்னால்

போச்சம்பள்ளி பக்கம் மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்க்கும் நண்பர் கேட்டார்: "விண்டோஸோட வர்ற ஃபைல் ஹிஸ்டரியே போதுமா, இல்ல காசு போட்டு வேற ஏதாவது வாங்கணுமா?"

நியாயமாகத் தொடங்குகிறேன். எக்செல் ஷீட்டில் யாராவது ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டு சேவ் செய்தால், இதைவிடச் சீக்கிரம் மீட்டுத் தரும் வசதி விண்டோஸில் கிடையாது. ஃபைல் மீது ரைட் கிளிக், 'ரெஸ்டோர் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்', வேண்டிய நேரத்துப் பிரதி, முடிந்தது. மணிக்கு ஒருமுறை, மாறிய ஃபைல்களை மட்டும் வெளியே செருகிய வட்டில் பிரதி எடுக்கிறது. 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய் அதைப் பத்து நிமிடமாகவும் குறைக்கலாம். எடைமேடை ஷீட் போல நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் ஃபைலுக்கு இது பெரிய வரம்.

எரிச்சல் எங்கே என்றால், கம்ப்யூட்டரே படுத்துவிட்ட நாளில். வட்டைக் கழற்றி வேறு மெஷினில் செருகி உள்ளே போனால், ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் அடைப்புக்குறிக்குள் தேதி, நேரம், எல்லாம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். பகலில் மட்டும் நடக்கும் அலுவலகத்துக்கு இது சின்னத் தொல்லை. சீசனில் இரவெல்லாம் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கும் ஆலைக்கு அப்படியில்லை. ஜூன் 12 அதிகாலை 2 மணிக்கு சேவ் ஆன ஷீட், ஜூன் 11, 20.30 என்று நிற்கும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் சேவ் ஆன அத்தனையும் முந்தைய நாள் தேதியில். லாரிக்காரர் எதிரே நிற்கும்போது எந்தப் பிரதி சரி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? இத்தனை வருடம் கழித்தும் இதை மாற்றாமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தப்பிக்க வழி உண்டு. புது மெஷினில் பழைய யூசர் பெயரையே வைத்து, வட்டைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து 'செலக்ட் ட்ரைவ்' கொடுக்கும்போது, பழைய பேக்கப்பைப் பயன்படுத்தும் பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு 'ரெஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' வழியே எடுத்தால் வால் இல்லாத பெயரே வரும்.

இன்னும் மூன்று விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். டி ட்ரைவில் உள்ள ஃபோல்டரை அது தானாக எடுக்காது. அந்த ஃபோல்டரை விண்டோஸின் ஏதாவது ஒரு லைப்ரரியில் (பல ஃபோல்டர்களை ஒரே இடத்தில் காட்டும் தொகுப்பில்) சேர்த்தால் எடுக்கும். ஒவ்வொரு விண்டோஸ் யூசருக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். பகல் ஷிப்டுக்காரர் ஆன் செய்தது இரவு ஷிப்டுக்காரரின் ஃபைல்களுக்கு உதவாது. டாலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை இதை நம்பி விடவே கூடாது. ஒரு கம்பெனியின் கணக்கு பல ஃபைல்களில் பிரிந்து கிடக்கிறது. வேலை நடக்கும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு நிமிடத்தில் பிரதியானால் ஒன்றோடொன்று பொருந்தாது. சாயங்காலம் டாலியிலேயே ஆல்ட்-ஒய், பேக்கப் கொடுத்து, அதை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் போடுங்கள். அங்கிருந்து ஃபைல் ஹிஸ்டரி எடுத்துக்கொள்ளும்.

வட்டின் ஒயர் லூசாகி இணைப்பு விட்டால் ஓரத்தில் ஒரு அறிவிப்பு வந்து போகும், அவ்வளவுதான். அதனால் வாரம் ஒருமுறையாவது கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல்ஸ் லாஸ்ட் காப்பிட் ஆன்' என்ற வரியைப் பார்த்தே ஆக வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: ஃபைல் ஹிஸ்டரி மட்டும் போதாது. மேலே அவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம், ஆனால் இரவு ஷிப்டு ஓடும் ஆலைக்கு இதை முதல் பேக்கப்பாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஆன் செய்தது அப்படியே இருக்கட்டும். அதோடு இரண்டாவது வட்டு ஒன்று வாங்கி, வாரக் கடைசியில் மொத்த டேட்டாவையும் காப்பி செய்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் வட்டை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.