எழுதி வைத்த பகிடியா, வாயில் வந்த பகிடியா?

கொழும்பு வெள்ளவத்தையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் எங்கள் வயதுக்காரரின் கதை கடைசியில் பழைய இலங்கை வானொலியில்தான் வந்து நிற்கும். எழுதி வைத்துச் சிரிக்க வைத்தது பெரிதா, அந்த நேரத்தில் வாயில் வந்தது பெரிதா என்று அங்கே இரண்டு கட்சி.

ஒன்று, ‘கோமாளிகள் கும்மாளம்’ கட்சி. ‘மரிக்கார்’ ராமதாஸ் எழுதிய நகைச்சுவைத் தொடர் அது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்கள வாடை அடிக்கும் தமிழ் என்று ஆளுக்கொரு பேச்சு. யார் எந்த இடத்தில் குறுக்கே பாய வேண்டும் என்பதெல்லாம் முன்பே ஒத்திகை பார்த்த நேர்த்தி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மற்றது என் கட்சி. அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’வை எடுங்கள், கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டிய போட்டி அது. எழுத்தைக் கொடுத்தாயிற்று, போட்டியாளர் திருதிருவென்று முழிக்கிறார், சபை சிரிக்கத் தொடங்குகிறது, அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் ஆளைப் புண்படுத்தாமல் ஒரு வார்த்தை போட்டு நிலைமையைத் தூக்கி நிறுத்த வேண்டும், அதற்கு எந்தப் பிரதியும் கைகொடுக்காது. இன்னொரு அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டு போகும்போதும் இதே பயம்தான் எனக்கு: தடுக்கி விழுந்தால்? மனிசன் விழவே மாட்டார்.

எழுதிய பகிடிக்கு ஒரு வசதி உண்டு, சரி. பத்துத் தரம் கேட்டாலும் கட்டுக் குலையாது. வாயில் வந்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்காட்டினால் பாதி செத்துப்போகும் (நான் முயன்று அசடு வழிந்திருக்கிறேன்). ஆனாலும் அறிவிப்பாளருக்கே அடுத்த சொல் தெரியாத அந்தக் கணத்தில் நாமும் கூட இருந்தோமே, அதுதான் இன்னும் இழுக்கிறது.