கூட்டு இறையழைத்தல் முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே செட்டிநாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் இறையழைத்தல் காலம், அதாவது குருவாகவோ துறவியாகவோ போக விரும்பும் பிள்ளைகளைத் தேடும் காலம், தொடங்கிவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு துறவற சபையும் தனித்தனியாக வரும். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால் ஒரு சிஸ்டர் நோட்டோடு நின்று பெயரும் செல்போன் எண்ணும் குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் வேறு சபை, அதே பிள்ளைகள். தேவகோட்டைப் பக்கம் இப்போது மறைமாவட்டக் குருக்களும் ஆண், பெண் துறவற சபைகளும் சேர்ந்து ஒரே முகாமாக நடத்துகிறார்கள். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. பங்குத்தந்தையின் கடிதம், பெற்றோர் கையெழுத்து இரண்டும் இல்லாமல் சேர்ப்பதில்லை. கட்டணமும் கிடையாது.

பிளஸ் டூ முடித்தவர்களையும் கல்லூரியில் படிக்கிறவர்களையும் தாராளமாக அனுப்பலாம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பீடச்சிறுவர்களை (திருப்பலியில் குருவுக்கு உதவும் பையன்களை) அனுப்ப வேண்டாம். திருச்சபைச் சட்டம் 643-இன்படி 17 வயது நிறையாமல் நவதுறவகத்தில் (துறவறப் பயிற்சியின் முதல் கட்டம்) சேரவே முடியாது. சின்னப் பையனிடம் இப்போதே கேள்வி கேட்டு, அவன் சொன்ன பதிலை நான்கு வருடம் கழித்து எடுத்துக்காட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை. முகாமில் இவர்களையும் சேர்க்கிறார்கள் என்பது ஒரு குறை. எண்ணிக்கை காட்ட வேண்டிய கட்டாயம் போலும்.

முகாமின் உயிர் சனிக்கிழமை காலையில் இருக்கிறது. சபைகளின் மேசைகளுக்குப் போகும் முன்பு ஒருவர் எல்லோருக்கும் பொதுவாக வகைகளைப் பிரித்துச் சொல்கிறார். மறைமாவட்டக் குரு வேறு, துறவறக் குரு வேறு என்பது பல வீடுகளில் தெரியாது. மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்து மணத்துறவை ஏற்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) அவருக்கு இல்லை. அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கலாம், அப்பா எழுதிவைத்த நிலமும் இருக்கலாம். துறவியோ கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகளும் கொடுக்கிறார். சேசு சபையில் இறுதியாக வார்த்தைப்பாடு எடுக்கும் குருக்களில் பலர், மறைபரப்புப் பணிக்காகத் திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் போவேன் என்று நான்காவதும் கொடுப்பார்கள். குருப்பட்டம் பெறாமலே வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருக்கும் சகோதரர்களும் உண்டு. இதைச் சொன்னதும் அரங்கில் ஒரு சலசலப்பு. 'பிரதர்' என்றால் பாதிப் படிப்பில் இருக்கும் ஃபாதர் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள்.

பிறகுதான் மேசைகள். எல்லாச் சபைக்கும் ஒரே அளவு மேசை, ஒரே அளவு நேரம், மணி அடித்தால் நகர வேண்டும். பரிசு, சாவிக்கொத்து, டீ சர்ட் எதுவும் கூடாது. 'எங்கள் சபைக்கு வா' என்று அழைக்கக் கூடாது. தாங்கள் செய்யும் வேலையை மட்டும் சொல்லலாம். செல்போன் எண் வாங்கவும் தடை. கடைசியில் ஒரே ஒரு படிவம், அது ஒருங்கிணைப்புக் குழுவிடம் போகும். ஆள் சேர்க்கும் போட்டி இதனால் பாதிக்குப் பாதி அடங்குகிறது. தன் விருப்பப்படி வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சட்டம் 219 எல்லா விசுவாசிகளுக்கும் தருகிறது. அதைச் சுவரில் எழுதி ஒட்டுவது சுலபம். மேசை ஏற்பாட்டிலேயே கொண்டுவந்தது கெட்டிக்காரத்தனம்.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு (பாவசங்கீர்த்தனம்) வெளியூர்க் குருக்களை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் யாரும் நேர்காணல் மேசையில் உட்காரவில்லை. குருமட மாணவர் ஒருவருக்குத் திருப்பட்டம் தருவதா, அவரைக் குருமடத்திலிருந்து விலக்குவதா என்ற முடிவில் ஒப்புரவு கேட்பவரிடமும் ஆன்மிக வழிகாட்டியிடமும் கருத்துக் கேட்கவே கூடாது என்பது சட்டம் 240. மூன்று நாள் முகாமில் இதைக் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் கடைப்பிடிக்கிறார்கள் என்றால் நடத்துகிறவர்களுக்கு விஷயம் தெரிகிறது. தனிப்பேச்சு எல்லாம் கதவு திறந்த அறையில், வராந்தாவிலிருந்து பார்வைக்குப் படும்படி நடந்தது. சிறுவர்கள் வரும் இடத்தில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பெற்றோர் அமர்வு. நேரம் போதவில்லை என்பதுதான் அதன் ஒரே குறை. கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய சீமை இது. இன்றைக்கும் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அதனால் கேள்விகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன: "எத்தனை வருசம் சாமி? லீவு உண்டா? இடையில திரும்பி வந்துட்டா படிச்ச படிப்பு செல்லுமா?"

மறைமாவட்டக் குருவாக, பிளஸ் டூவுக்குப் பிறகு ஆயத்த ஆண்டு, பட்டப்படிப்பு, மெய்யியல், ஒரு வருடக் களப்பணி, நான்கு வருட இறையியல் என்று பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும். குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைய வேண்டும், அதற்கு முந்தைய திருத்தொண்டர் பட்டத்துக்கு 23. துறவறத்தில் நவதுறவகம் குறைந்தது 12 மாதம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது. அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு ஆண்டு, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். 21 வயதுக்கு முன் நித்திய வார்த்தைப்பாடு கிடையாது. தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் வெளியேற எந்தத் தடையும் இல்லை. இதைக் கேட்டதும்தான் பல தாய்மார்களுக்கு முகம் தெளிந்தது. படிப்புச் செல்லுமா என்ற கேள்விக்கு மட்டும் மழுப்பலான பதிலே வந்தது. குருமடப் படிப்பில் எந்தக் கட்டம் பல்கலைக்கழகப் பட்டம், எது திருச்சபைக்குள் மட்டும் செல்லும் பட்டம் என்று சபைவாரியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் மேடையில் சொல்லாதது: கல்விக் கடன். அடைக்க முடியாத கடன் உள்ளவரைத் துறவகத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம் 644. பொறியியல் முடித்துவிட்டு அழைத்தல் உணரும் பிள்ளைகள் காரைக்குடிப் பக்கம் குறைவில்லை. கடன் பாக்கியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துவைத்தால் எல்லாம் கூடிவரும் நேரத்தில் அது தடையாக எழுந்து நிற்கும்.

முகாமில் ஓரியூர்ப் பயணத்தை விடியற்காலையில் வைத்தது புத்திசாலித்தனம். மே மாதம் பத்து மணிக்கு மேல் அங்கே திடலில் நிற்க முடியாது. போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைக் குரு புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடம். அவர் இந்தியாவுக்குப் புறப்படுவதைத் தடுக்க அவருடைய தாயே திருத்தந்தையின் தூதர் வரை போய்ப் பார்த்தார் என்ற செய்தியை அங்கே சொல்லாமல் விட்டார்கள். வேன் நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருக்கும்போது அதைவிடப் பொருத்தமான செய்தி என்ன இருக்கிறது? பிரான்சிலிருந்து வந்து சருகணியில் அடக்கமாகியிருக்கும் லெவே அடிகளையும் ஒரு வரியில் கடந்துவிட்டார்கள்.

மறைபரப்பு பற்றிய அமர்வு தேறவில்லை. வடஇந்தியப் பணித்தளங்களின் படங்களை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஒரு பாட்டு. அங்கே மொழி படிக்க எவ்வளவு காலம், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது, வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று பிள்ளைகள் கேட்க நினைத்த எதற்கும் பதில் இல்லை. பொதுநிலையினருக்கும் இதில் இடம் உண்டு என்பது காதில் விழவே இல்லை. 1822-இல் லியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சபையைத் தொடங்கிய பவுலின் ஜாரிக்கோ ஒரு பொதுநிலைப் பெண். பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு சிறு காசு என்று வசூலித்தார். அக்டோபரில் கடைசிக்கு முந்தைய ஞாயிறு நாம் போடும் காணிக்கை அந்த வழியில்தான் உலகம் முழுக்கப் போகிறது. குருவும் சிஸ்டரும் ஆகாத, நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு வேதியராக (மறைக்கல்வி கற்பிப்பவராக), ஆசிரியராக, செவிலியராகச் செய்ய என்ன இருக்கிறது என்று ஒரு மேசை போட்டிருக்கலாம்.

பெண் பிள்ளைகள் பக்கம் ஏற்பாடு மெத்தனம். தங்கும் கூடத்துக்கு இரண்டே கழிப்பறை, விடியற்காலையில் நீண்ட வரிசை. பேச்சும் அப்படியே: சேவை, தியாகம் என்று நிறையச் சொன்னார்கள், எந்தப் படிப்புக்கு அனுப்புவார்கள், எந்தப் பொறுப்புக்கு வரலாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மாலை வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் தட்டு காலியாகக் காலியாக வந்தது.

முகாம் முடிந்த பிறகுதான் ஏற்பாடு சறுக்குகிறது. படிவங்களை ஒருங்கிணைப்புக் குழு பிரித்துக் கொடுத்த இரண்டாம் வாரமே மூன்று சபைகளிலிருந்து ஒரே வீட்டுக்கு அழைப்பு வந்த கதையெல்லாம் உண்டு. ஒருவர் மட்டும், பெரும்பாலும் பங்குத்தந்தை, மூன்று மாதம் பிள்ளையோடு பேசட்டும். அதுவரை எந்தச் சபையும் அழைக்க வேண்டாம் என்று எழுத்தில் விதி வைத்தால் இது தீரும். அந்த விதி வரும்வரை, படிவத்தில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில் பிள்ளையின் எண்ணை எழுதாமல் பங்கு அலுவலக எண்ணை எழுதுங்கள்.

போகும்போது ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல்கள் கையில் இருக்கட்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் பழையதாக இருந்தால் செல்லாது என்பார்கள். திருமணம், நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படுவதால், புதிதாக எடுத்த நகலில்தான் அவர் கட்டுப்பாடு ஏதும் இல்லாதவர் என்பது தெரியும். பதிவேட்டில் சவரிமுத்து, ஆதாரில் வேறு பெயர் என்று இருந்தால் முகாமுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற பங்கில் கடிதம் வாங்கிவிடுங்கள். ஜூன் மாதச் சேர்க்கை நேரத்தில் பங்குத்தந்தை மாற்றலாகிப் போயிருப்பார்.