குவாட் டூவா, குவாட் 405-ஆ?

கடையில் பத்து நிமிடம் கேட்டால் எல்லா ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது வருடமும் அதன் முன் உட்காரத் தோன்றுமா என்பதுதான் கேள்வி. செகண்ட் ஹேண்டில் இன்றும் கைமாறும், குவாட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் இரண்டு ஆம்ப்களை வைத்துப் பார்ப்போம். 1953-ல் வந்த குவாட் டூ, வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய்). இடது, வலது என்று சேனலுக்கு ஒரு பெட்டி, 15 வாட். 1975-ல் வந்த 405, டிரான்சிஸ்டர். சேனலுக்கு 100 வாட். இரண்டும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்தான், வால்யூம் குமிழ் இருக்கும் ப்ரீ ஆம்ப் தனியாக வேண்டும்.

குரல், வீணை, ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் என் காதுக்கு குவாட் டூதான். செல்லோவில் வில் நரம்பைக் கவ்வி விடுகிற உரசல்கூட கேட்கும். ஆர்க்கெஸ்ட்ரா வரும்போதுதான் சிக்கல். சாதாரண சத்தத்துக்கு அரை வாட் போதும் என்று வையுங்கள். இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனியில் டிரம்பெட்டும் டிம்பனியும் சேர்ந்து எழும்போது 20 டெசிபல் கூடினால் நூறு மடங்கு, அதாவது 50 வாட் தேவை. 15 வாட் வால்வு அங்கே சட்டென்று கரகரக்காது. முனை மழுங்கி, வயலினும் ஹார்னும் ஒட்டிக்கொள்ளும். முதல் மாதம் இது உறைக்காது. அப்புறம் நம்மை அறியாமலே பெரிய சிம்பொனிகளைத் தொடுவதை விட்டுவிடுவோம். கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போதும் இதே கதைதான்.

பெட்டிக்கு இரண்டு கேடி66 பவர் வால்வுகள் வேறு. தினமும் கேட்பவர் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கோடையில் ஏசி இல்லாத அறையில் அந்தச் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

405-ல் சின்ன கிளாஸ் ஏ பகுதி (எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், துல்லியமான வகை) ஒன்று பெரிய டிரான்சிஸ்டர்களின் பிழையைத் திருத்திக்கொண்டே வரும். கரண்ட் டம்பிங் என்று பெயர். பயஸ், அதாவது சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்டை, செட் பண்ணுகிற வேலையே இல்லை. ஆனால் அரை வோல்ட் உள்ளே போனாலே முழு சத்தம் வந்துவிடும். இன்றைய சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருகினாலே வீடு அதிரும், ராத்திரி மெதுவாகக் கேட்க முடியாது. நடுவில் சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டென்யுவேட்டர் போட்டால் சரியாகிவிடும். தொனி கொஞ்சம் வறட்சிதான், அது பழகிவிடுகிறது.

புதிய கிளாஸ் டி (படுவேகமாக ஆன், ஆஃப் ஆகி வேலை செய்யும் ஆம்ப்)? பெரிதாகச் சூடில்லை, கரண்ட் செலவு குறைவு. கெட்டுப்போனால் பெரும்பாலும் முழு போர்டையும் மாற்ற வேண்டும், பத்து வருடம் கழித்து அந்த போர்டு கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

என் ஓட்டு 405-க்கு. குவாட்டின் 1957 எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் (கூம்புக்குப் பதில் மின்னேற்றிய மெல்லிய தாள் அதிரும் வகை) வைத்திருப்பவர் மட்டும் குவாட் டூ பக்கம் போகலாம். வோல்டேஜை அளவோடு நிறுத்தும் லிமிட்டர் இல்லாத 405 அந்த ஸ்பீக்கரையே கெடுத்துவிடும். எதை வாங்கினாலும் வயதானால் கெட்டுப்போகும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.