சுக்கானை நேராக்குவது எதனால்: குமிழா, கொம்பா, கம்பியா?

திருகோணமலையின் டச்சு விரிகுடாக் கடற்கரையில் என் மருமகனின் ரிமோட் ட்ரக்கை நேரே விட்டால், இருபது அடி போவதற்குள் அது கடலைப் பார்த்துத் திரும்பிவிடும். "மாமா, இதற்குக் குளிக்க ஆசை" என்று நான்கு நாள் சிரித்தான். ஐந்தாம் நாள் உப்புத் தண்ணீர் முன்சில்லை நனைத்ததும் சிரிப்பு நின்றது. வண்டி என் கைக்கு வந்து சேர்ந்தது.

சாய்ந்து ஓடும் ட்ரக்கில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. ரிமோட்டில் நடுவை இம்மி இம்மியாக நகர்த்தும் ட்ரிம் குமிழ், முன்சில்லுகளைத் திருப்பும் சின்ன மோட்டாரான சேர்வோவின் தலையில் பூட்டியிருக்கும் கொம்பு என்ற கை, கொம்பிலிருந்து சில்லுவரை போகும் இணைப்புக் கம்பிகள். எதைத் திருகினாலும் வண்டி நேராக ஓடத்தான் செய்யும். அதனால்தான் எல்லாரும் கைக்கு எட்டுகிற குமிழோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கட்சி கொம்புதான்.

குமிழின் குறை நேர் ஓட்டத்தில் தெரியாது, திருப்பத்தில் தெரியும். ரிமோட் அனுப்பும் மின்துடிப்பின் நீளத்தைப் பார்த்துத்தான் சேர்வோ திரும்புகிறது. 1.5 மில்லி செக்கன் என்றால் நடு. ஒரு பக்க எல்லை 1, மறுபக்க எல்லை 2. குமிழால் நடுவை 1.6-க்குத் தள்ளினால் ஒரு பக்கம் திரும்ப 0.4 தான் மிஞ்சும், மறுபக்கம் 0.6 இருக்கும். வண்டி இடப்பக்கம் பஸ்போலவும் வலப்பக்கம் முச்சக்கர வண்டிபோலவும் வளையும். சில ரிமோட்டுகளில் இந்த எல்லைகளும் சேர்ந்தே நகரும். அப்போது சில்லு முட்டி நின்ற பிறகும் சேர்வோ தள்ளிக்கொண்டே நிற்கும். வண்டி அசையாமல் நிற்கையில் வண்டு முரல்வதுபோல் ஒரு சத்தம் கேட்டால் அதுதான். பற்றரி வீணாகும், சேர்வோ சூடேறும். மருமகனின் ரிமோட்டில் குமிழ் கடைசிவரை திருகிக் கிடந்தது.

கொம்புக்குத் திருப்புளியும் பொறுமையும் வேண்டும். குமிழை நடுவில் வைத்து, முதலில் ரிமோட்டின் சுவிட்சையும் பிறகு வண்டியின் சுவிட்சையும் போட வேண்டும். சேர்வோ ஒரு முறை துள்ளித் தன் நடுவில் நிற்கும். அதன் பிறகே கொம்பைக் கழற்ற வேண்டும். மின்சாரம் இல்லாமல் கழற்றிப் பூட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதற்குச் சமம். கொம்பு தன் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி பார்த்து மறுபடி அழுத்தினால் வேலை முடிய வேண்டும். ஆனால் முடியாது. சேர்வோவின் அச்சில் பற்கள் இருக்கின்றன. ஃபுட்டாபா என்ற கம்பனியின் வகையில் 25. ஒரு பல் தள்ளினால் 14.4 பாகை. நமக்கு வேண்டிய நடு பெரும்பாலும் இரண்டு பற்களுக்கு இடையில்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன வித்தை உண்டு. சேர்வோவோடு வரும் பொதியில் நான்கு கை உள்ள பிளாஸ்டிக் கொம்பு இருந்தால் அதை எறியாதீர்கள். 25-ஐ நாலால் வகுத்தால் மீதி ஒன்று வரும். ஆகவே ஒவ்வொரு கையும் பற்களோடு சற்று வேறுபட்ட கோணத்தில் நிற்கும். கால் பல் வித்தியாசம், அதாவது 3.6 பாகை. நான்கையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்து, நேராக நிற்கும் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடலாம். 24 பல் உள்ள சேர்வோவில் இந்த வித்தை பலிக்காது, 24 நாலால் மீதியின்றி வகுபடும்.

பல் எண்ணிக்கையில் நான் ஒரு முறை சூடு கண்டவன். "எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரு கடைக்காரர் தந்த கொம்பை நம்பி அழுத்திப் பூட்டினேன். அது 24, என் சேர்வோ 25. முதல் திருப்பத்திலேயே பற்கள் மாவாகிவிட்டன. 23 பல் உள்ளவையும் சந்தையில் உண்டு. எண்ணிவிட்டு வாங்குங்கள்.

கம்பிகளில் இரண்டு சாதி. கொம்பையும் ஸ்டியரிங் இணைப்பையும் சேர்ப்பது ஒன்று. அதன் நீளத்தை மாற்றினால் இரண்டு சில்லுகளும் சேர்ந்து திரும்பும். கொம்பு விட்டுவைத்த அரைப் பல்லைச் சரிசெய்ய இதுவே தக்கது. சில்லுகளுக்குத் தனித்தனியாகப் போகும் இரண்டு கம்பிகளின் வேலை வேறு. மேலிருந்து பார்க்கையில் முன்சில்லுகளின் மூக்கு உள்நோக்குகிறதா வெளிநோக்குகிறதா என்பதை அவை தீர்மானிக்கும். சாய்வைத் தீர்க்க இவற்றில் ஒன்றை மட்டும் நீட்டுவது வழக்கமான தப்பு. வண்டி நேராகும், ஆனால் இரண்டு சில்லுகளும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தபடி உருண்டு டயரைத் தேய்க்கும்.

நல்ல கம்பியின் ஒரு முனையில் வலம்புரி மரை, மறுமுனையில் இடம்புரி மரை. சைக்கிளின் இரண்டு பெடல்களைப் போல. நடுவைப் பிடித்துத் திருகினால் கழற்றாமலே நீளும், குறுகும். 3 மில்லிமீற்றர் கம்பியில் மரையின் இடைவெளி அரை மில்லிமீற்றர் என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 1 மில்லிமீற்றர் மாறும். கால் சுற்றுக் கால் சுற்றாகப் போகலாம். இந்த நுட்பம் கொம்புக்குக் கிடையாது. ஆனால் எங்கள் ஊர் உப்புக்காற்றில் உருக்குக் கம்பி இறுகிவிடும். மாதம் ஒரு முறையாவது திருகி ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால், தேவைப்படும் நாளில் குறடு வழுக்கி விரலைத்தான் கிழிக்கும்.

உவர்மலை வீட்டின் சீமெந்துத் தரையில் கொம்பை ஒரு பல் நகர்த்தினேன், முதல் கம்பியை ஒன்றரைச் சுற்றுக் குறுக்கினேன், குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டியின் சுவிட்சைப் போட்டு, மோட்டாரை ஓட்டாமல் கையால் தள்ளி விட்டேன். கூடத்தின் சிவப்புக் கரையைப் பிடித்தபடி நேராகப் போயிற்று. தள்ளும்போது நேராகப் போய், வேகம் கொடுத்தால் மட்டும் இழுக்கிற வண்டி என்றால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு பேரிங்கையும் டயரையும் பாருங்கள். உப்பு புகுந்த பேரிங் ஒரு சில்லைப் பிடித்து வைத்திருக்கும்.

மறுநாள் மாலை மறுபடி கடற்கரை. வண்டி கொஞ்சமாகக் கடல் பக்கம் சாய்ந்தது. மருமகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது என்று காட்டினேன். குமிழை இரண்டு சொடுக்குத் திருகக் கொடுத்தேன், வீட்டுக்குப் போனதும் பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.